இனிஷியல் இல்லாத பேனர்

“அக்கா, என் மூஞ்சி ரோட்ல தொங்குதுக்கா.”

ஞாயிற்றுக்கிழமை காலை. அடுப்பில் பால் வைத்திருந்தேன். கேட்டுக்கு வெளியே செல்வா நின்றுகொண்டிருந்தார். ராத்திரி ஷிஃப்ட் முடித்து வைட்ஃபீல்டிலிருந்து நேராக வந்திருந்தார். கம்பெனி கொடுத்த நீலச் சட்டையில் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

குடியை நிறுத்தியவர்கள் கூடுகிற எங்கள் கூட்டத்து ஆள் ஒருவர் வேளைகெட்ட வேளையில் வாசலில் வந்து நின்றால், எங்களைப் போன்ற மனைவிமார்களுக்கு முதலில் வேலை செய்வது காது இல்லை, மூக்கு. நானும் மோந்து பார்த்தேன். டீசல், வியர்வை, அவ்வளவுதான். வந்த நிம்மதியில் பாலை மறந்துவிட்டேன். அது பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. நின்றபடியே சொன்னார். தெருக்கோடி சர்ச்சின் பெரிய கேட்டுக்கு மேலே ஃப்ளெக்ஸ் பேனர் கட்டியிருக்கிறார்களாம். எங்கள் கூட்டத்து ஆட்கள் அத்தனை பேர் முகமும் அதில் இருக்கிறதாம். கடைசி வரிசையில், வட்டத்துக்குள், செல்வா சிரிக்கிறாராம்.

யார் செய்த வேலை என்று நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு என் வீட்டுக்காரர் முகமெல்லாம் மலர எழுந்து வந்தார்.

“கட்டிட்டாங்களா? கலர் நல்லா வந்திருக்கா?”

“சார், அமல்ராஜ் சார் பூசைக்கு வருவாரு சார்” என்றார் செல்வா.

இவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இறங்கிப் போனது.

அமல்ராஜ் எங்களுக்கு அடுத்த தெரு. செல்வா டிரைவராக வேலை பார்த்த கம்பெனியில் ஷட்டில் வண்டிகளுக்கெல்லாம் சூப்பர்வைசர். டிரைவரை எடுப்பதும் அவர்தான், நிறுத்துவதும் அவர்தான். வேலைக்கு எடுக்கும்போது, குடிப்பழக்கம் உண்டா, எப்போதாவது இருந்ததா என்று கேட்டாராம். செல்வா இரண்டுக்கும் இல்லை என்று சொல்லித்தான் சேர்ந்திருந்தார். அந்த வேலை கிடைத்த பிறகுதான் அவர் மனைவி ரீட்டா, கோலார் தங்கவயலில் அம்மா வீட்டில் இருந்தவள், மகளைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்திருந்தாள்.

வேலை போனால் ரீட்டா போவாள். ரீட்டா போனால் செல்வா எங்கே போவார் என்பது அங்கே நின்ற எங்கள் மூன்று பேருக்குமே தெரியும்.

பெயர்களை ஏன் மாற்றுகிறேன்

இந்தத் தொடரைப் படிக்கிறவர்களில் சிலர், செல்வா என்பது எந்தத் தெரு செல்வா, குணசேகரன் எந்த ஆபீஸில் இருந்தார் என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். எல்லாமே மாற்றிய பெயர்கள். என் வீட்டுக்காரருக்குக் குணசேகரன் என்பதும் மாற்றிய பெயர்தான். எனக்கும் வசந்தா என்பது இந்தப் பக்கங்களில் மட்டும்தான். அந்த ஞாயிற்றுக்கிழமையில் பட்ட சூடு அப்படி.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு இரண்டு வரி. இவர் மாநில அரசில் வரைபடம் போடும் வேலையில் இருந்தார். இவருடைய தாத்தா மைசூர் சமஸ்தான வேலைக்கு என்று பெங்களூருக்கு வந்தவர். மூன்று தலைமுறை அரசாங்கச் சம்பளம். மூன்றாவது தலைமுறை அந்தச் சம்பளத்தைக் குடித்தது. அந்தக் கதையைப் போன வாரங்களில் வேண்டிய அளவு எழுதிவிட்டேன். இனி அதைக் கிளறினால் எனக்கே கோபம் வரும்.

இவர் நிறுத்தியது மருந்தில் இல்லை, கோயில் கயிற்றில் இல்லை, நான் போட்ட சண்டையிலும் இல்லை. குடித்து நிறுத்தியவர்கள் ஒன்றாக உட்கார்ந்து, ஒருவர் கதையை ஒருவர் கேட்கிற கூட்டம் ஒன்று இருக்கிறது. அங்கே டாக்டர் கிடையாது, ஃபீஸ் கிடையாது, யாரும் யாருக்கும் புத்தி சொல்வதும் கிடையாது. கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஹாலில் இங்கிலீஷில் அது நடந்துகொண்டிருந்தது. இவர் அங்கேதான் போக ஆரம்பித்தார்.

முதல் நாளே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பினார். என்னவென்று கேட்டால், தன் மகன் வயதுப் பையன் ஒருவன் தன்னை “குணா” என்று கூப்பிட்டுவிட்டானாம். அங்கே எல்லோருக்கும் வெறும் பெயர்தான், குடும்பப் பெயர் சொல்ல மாட்டார்கள், வெளியே யார் எவர் என்று தெரியக் கூடாது என்பதற்காக அப்படி ஒரு வழக்கம் என்று விளக்கிச் சொல்லியிருக்கிறார்கள். இவருக்குப் புரிந்தது. ஆனால் ஆறவில்லை. இத்தனை வருடம் நான் பட்டதெல்லாம் தாங்கிக்கொண்டவருக்கு, சார் போடாமல் கூப்பிட்டது தாங்கவில்லை.

சின்னப் பிள்ளைகளின் பெஞ்சு

இவருக்கு இங்கிலீஷ் நன்றாகவே வரும். ஆனால் அதில் அழ வரவில்லை. மாதக் கணக்கில் போனார், கேட்டார், வந்தார். வாய் திறந்து ஒன்றும் சொன்னதில்லை.

நான் சிவாஜிநகர் மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டு, அந்த ஹால் வாசலில் வந்து காத்திருப்பேன். உள்ளே கூட்டம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கப்புறம் கேட்டுக்கு வெளியே இன்னொரு கூட்டம் நடக்கும். இவரும் ராபர்ட்டும். ராபர்ட் சிவாஜிநகரில் ஒரு சந்துக்குள் ஃப்ளெக்ஸ் பிரிண்டிங் கடை வைத்திருந்தவர், இவரைப் போலவே உள்ளே ஊமை. வெளியே வந்ததும் இரண்டு பேரும் தமிழில் கொட்டித் தீர்ப்பார்கள். என் பையில் கொத்தமல்லி வாடிக்கொண்டே இருக்கும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல், மீட்டிங் ரோட்டில்தான் நடக்கிறது என்றால் உள்ளே எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டேன். நான் எரிச்சலில்தான் கேட்டேன். இரண்டு பேரும் அதை யோசனையாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருக்கோடி சர்ச்சில் ஃபாதரைப் போய்ப் பார்த்தார்கள். ஞாயிறு மத்தியானம் காலியாக இருக்கும் என்று ஞானோபதேச அறையைக் கொடுத்தார். சின்னப் பிள்ளைகள் பாடம் படிக்கிற அறை. பெஞ்சும் அவர்கள் உயரத்துக்குத்தான். முழங்கால் தாடையில் முட்ட இரண்டு ஆம்பிளைகள் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். சாக்பீஸ் வாசனை, மெழுகுவர்த்தி வாசனை. சுவரில் இயேசு படம், அதன் கீழே பட்டையாக விபூதி பூசிய என் வீட்டுக்காரர். பெங்களூரில் இதையெல்லாம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பல வாரம் அந்த இரண்டு பேர்தான். ஒருவர் கதை மற்றவருக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. இவர் ஒரு சம்பவத்தை விட்டுவிட்டால் ராபர்ட் எடுத்துக் கொடுப்பார். வராந்தாவில் நானும் ராபர்ட் மனைவியும் பிளாஸ்கில் டீயும் மாரி பிஸ்கட்டும் வைத்துக்கொண்டு, யாராவது வருவார்களா என்று கேட்டையே பார்த்திருப்போம். மிச்சமான பிஸ்கட்டை நாங்களே தின்று தீர்ப்போம்.

இங்கிலீஷ் கூட்டத்தில் படிக்கிற சில பக்கங்களை இவர் தமிழாக்கினார். அரசாங்கக் கை அல்லவா, ‘மேற்படி’, ‘கீழ்க்காணும்’ என்று ஒரே சுற்றறிக்கை மயம். ஒரு பக்கம் கேட்டுவிட்டு ராபர்ட் சொன்னார்: “சார், இதக் கேட்டா எனக்குத் திரும்பக் குடிக்கணும்போல இருக்கு சார்.” அத்தோடு அந்த மொழிபெயர்ப்பு பரணுக்குப் போயிற்று.

மெல்ல ஆட்கள் வந்தார்கள். கறிக்கடைக்காரர் ஒருவர், பேங்கில் வேலை செய்கிற ஒருவர், பெயின்டர்கள். ஒரு மழை நாளில் செல்வா வந்தார். வாசலிலேயே நின்று, உள்ளே வர ஃபாதரிடம் சொல்ல வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், பெஞ்சில் இடம் இருக்கிறது, வாங்க என்றார் இவர். இவர் வாயிலிருந்து அப்படி ஒரு மரியாதையான சொல் ஓட்டுநர் ஒருவருக்குக் கிடைத்ததை நான் அன்றுதான் கேட்டேன்.

விழா என்று வந்துவிட்டால்

தமிழ்க் கூட்டம் தொடங்கி ஒரு வருடம் ஆகப்போகிறது என்றதும் இவருக்கும் ராபர்ட்டுக்கும் கால் தரையில் பாவவில்லை. மெட்ரோ வைட்ஃபீல்ட் பக்கம் எட்டிப் பார்க்காத காலம் அது. பேனருக்குக் கெடுபிடியும் வராத காலம். எங்கள் ஏரியாவில் காது குத்தினாலும் பேனர், கண் மூடினாலும் பேனர். ராபர்ட்டின் தொழிலே அது. தன் வாழ்க்கையிலேயே நல்ல காரியம் இதுதான், இதற்கு ஒரு ஃப்ளெக்ஸ் இல்லையா என்று அவர் கேட்டதில் நியாயம் இருக்கத்தான் செய்தது.

யார் எவர் என்று வெளியே தெரியக் கூடாது என்ற வழக்கத்தை அவர்கள் மறந்துவிடவில்லை. அதுதான் இதில் வேடிக்கை. கடையில் உட்கார்ந்து வெகுநேரம் பேசியிருக்கிறார்கள். இங்கிலீஷ் கூட்டத்தில் குடும்பப் பெயரைச் சொல்வதில்லை. நமக்குக் குடும்பப் பெயர் எது? இனிஷியல்தான். ஆகவே இனிஷியலை எடுத்துவிட்டால் ஆயிற்று. எஸ். குணசேகரன் வெறும் குணசேகரன் ஆனார். ராபர்ட்டும் ஏ-வை இழந்தார். ரகசியம் காத்துவிட்ட திருப்தியோடு, மூஞ்சிகளைப் பெரிது பெரிதாகப் போட்டுவிட்டார்கள்.

கிறிஸ்துமஸ் பிரியாணி அன்று எடுத்த படங்கள். முன்னால் வந்தவர்களுக்குப் பெரிய படம், பின்னால் வந்தவர்களுக்குச் சின்ன வட்டம். தலைப்பு, “குடியை வென்று ஓராண்டு கண்ட எங்கள் தங்கங்களே, வாழ்க வாழ்க.” எங்களுக்கெல்லாம் இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. இத்தனை வருடத்தில் இவர் என்னிடம் ஒழுங்காகக் காப்பாற்றிய ரகசியம் அது ஒன்றுதான்.

பின்னால் ஒருநாள் ராபர்ட்டைப் பிடித்துத் திட்டினேன். பெயர் தெரியக் கூடாது என்றுதான் சொன்னார்கள், மூஞ்சியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்றார் பாவம் போல.

சிரித்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த வட்டங்களில் இருந்த பேங்க்காரர் அதற்குப் பிறகு வெகுநாள் கூட்டத்துக்கு வரவே இல்லை. அவர் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. இன்றைக்கும் எங்கள் கூட்டத்தில் டீ டம்ளரைக்கூட யாரும் போட்டோ எடுக்க முடியாது.

கடைசிப் பாட்டுக்குள்

ராபர்ட்டின் போன் அணைத்திருந்தது. இவர் கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டார். நான் சமையலறை ஸ்டூலைத் தூக்கிக்கொண்டேன். மூன்று பேரும் தெருவில் ஓடினோம். என் கல்யாணத்துக்குப் பிறகு இவர் ஓடி நான் பார்த்தது அன்றுதான்.

முதல் பூசை நடந்துகொண்டிருந்தது. பிரசங்கம் முடிந்துவிட்டது என்று ஸ்பீக்கர் சத்தத்திலேயே தெரிந்தது. அமல்ராஜ் வீடு இருக்கும் பக்கம் சின்ன கேட் இருக்கிறது, அந்த வழியாக உள்ளே போயிருப்பார், பேனரைப் பார்த்திருக்க மாட்டார் என்றார் செல்வா. பூசை முடிந்தால் எல்லோரும் பெரிய கேட் வழியாகத்தான் வருவார்கள். அங்கேதான் இட்லிக்காரம்மா கூடை வைத்திருப்பார். ஆக, கடைசிப் பாட்டு முடிவதற்குள் பேனர் இறங்கியாக வேண்டும்.

அண்ணாந்து பார்த்தேன். நடுவில் இவர், மாப்பிள்ளைக் களையோடு. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஸ்டூலை நச்சென்று வைத்தேன்.

ராபர்ட்டின் ஆட்கள் கட்டுக்கம்பியில் கட்டியிருந்தார்கள், தேர் வந்தாலும் அசையாத கட்டு. செல்வா ஸ்டூலில் ஏறி, அங்கிருந்து காம்பவுண்ட் சுவரில் ஏறினார். நான் ஸ்டூலைப் பிடித்தேன், இவர் கீழே நின்று யோசனை சொன்னார். ஒரு பக்கம் கம்பி அறுந்ததும் பேனர் பாதியாகச் சரிந்து கேட்டை மறைத்துத் திரை மாதிரி தொங்கியது. உள்ளே கடைசிப் பாட்டு ஆரம்பித்தது.

அப்போதுதான் இரண்டு பேர் வந்தார்கள். தெருவில் எந்த விழா என்றாலும் முன்னால் நிற்கிற ஆட்கள். அந்தப் பக்கம் கொஞ்ச நாளுக்கு முன் யாரோ யார் பேனரையோ கிழித்து அடிதடி ஆகியிருந்தது. போர்டைப் பிரிப்பது யார், எந்தக் கட்சி என்று ஒருவர் கன்னடத்தில் அதட்டினார். எங்கள் போர்டுதான், நாங்களே இறக்குகிறோம் என்று இவர் கன்னடத்திலேயே பதில் சொன்னார். அவர்கள் நம்பவில்லை. சொந்த போர்டை, விழா நடக்கும் முன்பே, எவனாவது இறக்குவானா?

உங்கள் போர்டு என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டுவிட்டு, அவர்களே மறுபக்கக் கம்பியையும் அறுத்து, பேனரை நடுரோட்டில் விரித்தார்கள். நாலு மூலையிலும் கல் வேறு வைத்தார்கள், காற்றில் மடங்காமல் இருக்க. பிறகு படத்தையும் எங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். நடுவில் இருப்பது இவர்தான் என்று ஒருவர் ஒத்துக்கொண்டார். மற்றவர் குனிந்து தேடி, செல்வாவின் வட்டத்தில் விரலை வைத்து, இவரும் இருக்கிறார், சரிதான், இவர்கள் போர்டேதான் என்று ஊருக்கே கேட்கிற மாதிரி தீர்ப்புச் சொன்னார்.

பாட்டு முடிந்தது. ஜனம் வெளியே வந்தது. பேனரைச் சுற்றி வட்டமாக நின்றது.

அமல்ராஜ் முன்வரிசையில் நின்றார். வெள்ளைச் சட்டை, கையில் பாட்டுப் புத்தகம். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, தலைப்பிலிருந்து கடைசி வட்டம் வரை நிதானமாகப் படித்தார். செல்வா சுவரிலிருந்து இறங்கி வந்து நின்றார். ஓடிப் போயிருக்கலாம், போகவில்லை. நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ரீட்டாவின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. கூட்டமும் வேண்டாம், கொண்டாட்டமும் வேண்டாம், இந்தப் பிள்ளையின் வேலை மட்டும் இருக்கட்டும் என்று அந்த இயேசுவையும் எங்கள் முருகனையும் சேர்த்தே வேண்டினேன்.

“சார், அன்னிக்கு நான் பொய் சொல்லிட்டேன் சார்” என்றார் செல்வா.

அமல்ராஜ் கண்ணாடியைக் கழற்றினார்.

“வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி, குடிச்சிருக்கியான்னு பாக்கற அந்த மெஷின்ல உன்ன ஊதச் சொல்றேனே செல்வா. மத்த டிரைவருங்க யாராச்சும் ஊதிப் பாத்திருக்கியா?”

செல்வா யோசித்தார். அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

“இல்ல சார். அவங்க எனக்கு முன்னாடியே ஊதியிருப்பாங்கன்னு நெனச்சேன்.”

“உன்ன மட்டும்தான். ஃப்ளைஓவர் கீழ நீ விழுந்து கெடந்தத எத்தன தடவ பாத்திருப்பேன். தெரிஞ்சுதான் எடுத்தேன்.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் இந்தப் பக்கம் போகும்போது, ஞானோபதேச அறை ஜன்னல் வழியாகச் செல்வாவைப் பார்ப்பாராம். சின்னப் பிள்ளைகள் பெஞ்சில் பெரிய ஆள் குனிந்து உட்கார்ந்து, யாரோ பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதை. மூன்று நான்கு மாதம் பார்த்த பிறகுதான் வேலைக்கு ஆள் வேண்டும் என்று சொல்லி அனுப்பினாராம். எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த ஜன்னல் ரோட்டைப் பார்த்த ஜன்னல். காற்று வேண்டும் என்று வாரா வாரம் அதை அகலத் திறந்து வைத்ததும் இவர்தான்.

“குடிச்சப்ப ஏரியாவுக்கே தெரியும். நிறுத்தினது மட்டும் ஏம்பா தெரியக் கூடாது?” என்றார் அமல்ராஜ்.

கூட்டத்தில் யாரோ ஒரு அம்மா மூக்கைச் சிந்தினார். செல்வா குந்தி உட்கார்ந்து, பேனரின் மேலேயே இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறையை எடுத்த மாதிரி இருந்தது. இவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார், மன்னிப்புக் கேட்கிற பார்வை. வீட்டுக்கு வாங்க பேசிக்கலாம் என்று நானும் பார்வையிலேயே சொன்னேன்.

சும்மா இருப்பாரா இவர்? அப்படியானால் இனி அந்த மெஷினில் ஊத வேண்டாம்தானே என்று செல்வாவுக்காகக் கேட்டார். வேண்டாம், எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்றார் அமல்ராஜ்.

செல்வா எழுந்து நின்றார். மாறிப் போட்டிருந்த பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டுக்கொண்டார்.

“இல்ல சார், ஊதறேன். வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி ஒருத்தர் நின்னு கேக்கறாருன்னா, அது நல்லாத்தான் இருக்குது.”

அமல்ராஜ் அவர் தோளில் கையை வைத்து, சரி, ஊது என்றார்.